நாலு மாசத்தில வத்தின 3.1 பில்லியன்: இலங்கையின்ர டொலர் கையிருப்பு 2019–2022, ஒரு நிகழ்வு ஆய்வு

2021 கார்த்திகை முடிவில இலங்கை மத்திய வங்கி காட்டின வெளிநாட்டுக் கையிருப்பு 1.6 பில்லியன் டொலர். அடுத்த மாசம், மார்கழி முடிவில, அதே மத்திய வங்கி காட்டினது 3.1 பில்லியன். ஒரு மாசத்தில ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த மார்கழியில வெளிநாட்டுச் சனம் வங்கி வழியா அனுப்பின காசு 325 மில்லியன்தான், அதுக்கு முதல் வருச மார்கழியில அது 800 மில்லியனுக்கு மேல. ரூரிஸ்ற்மாரும் அப்பதான் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப வரத் தொடங்கினவை. அப்ப இந்த 1.5 பில்லியன் எங்கால வந்தது, வந்தது சரி, 2022 சித்திரை 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுறதை நிப்பாட்டுறம் எண்டு அறிவிக்கிற அளவுக்கு அது எங்கால போனது?

பெற்றோல் செட் லைனில நிண்ட எங்களுக்கு இதின்ர முடிவு தெரியும். கள்ளர் திண்டு முடிச்சுப் போட்டாங்கள் எண்டு ஒரு வசனத்தில கதையை முடிக்கிற ஆக்களும் இருக்கினம், கோவம் நியாயமானது, ஆனா கோவத்தில கணக்கு வராது. கணக்கு மத்திய வங்கியின்ர வெப்சைற்றில மாசாமாசம் போட்டபடிதான் கிடந்தது, பேப்பர்காரர் முதல் வரியில இருக்கிற மொத்தத் தொகையை மட்டும் எடுத்துத் தலைப்புப் போட்டினம், கீழ இருந்த வரியளை ஆரும் பெரிசா கவனிக்கேல்லை. இந்த எழுத்து அந்தக் கீழ் வரியளைப் பற்றினது.

தொகையும் திகதியும்

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில ஒரு ஹாட்வெயார் கடை இருக்கெண்டு வையுங்கோ. முதலாளியின்ர வங்கிக் கணக்கில 50 லட்சம் கிடக்கு. ஆள் வசதியோ இல்லையோ எண்டு இதை மட்டும் வைச்சுச் சொல்ல ஏலாது, கொழும்பு மொத்த வியாபாரிக்கு அவர் திகதி போட்டுக் குடுத்த செக்கெல்லாம் எப்ப எப்ப வங்கிக்குப் போகுது எண்டு பாக்கோணும். அடுத்த மாசத்துக்குள்ள 30 லட்சம், அதுக்குப் பிறகு ரெண்டு மாசத்தில இன்னும் 40 எண்டா அந்த 50 லட்சம் அவரின்ர காசே இல்லை. இதுக்கு மேல மச்சானின்ர லோனுக்கு வேற பிணைக் கையெழுத்து வைச்சிருக்கிறார், மச்சான் கட்டினா பிரச்சினை இல்லை, கட்டாட்டி அதுவும் இவரின்ர தலையில.

ஒரு நாட்டுக்கும் இதே கணக்குத்தான், ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்) அதுக்கு ஒரு அட்டவணையே வைச்சிருக்கு. முதல் பிரிவில கையில இருக்கிறது: டொலர், தங்கம், ஐ.எம்.எஃப் உறுப்பு நாடுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கிற எஸ்.டி.ஆர் எண்ட கையிருப்புச் சொத்து எல்லாம். ரெண்டாம் பிரிவில திகதி குறிச்சபடி வெளிய போகப்போறது: கடனின்ர மூலத்தொகை, வட்டி, சுவாப் எண்டு தற்காலிகமா மாத்தி வாங்கினதைத் திருப்பிக் குடுக்கிறது. அதை ஒரு மாசத்துக்குள்ள, ஒண்டில இருந்து மூண்டு மாசம், மூண்டு மாசத்தில இருந்து ஒரு வருசம் எண்டு மூண்டு நிரையாப் பிரிச்சுப் போடோணும். மூண்டாம் பிரிவில நடந்தா மட்டும் போகப்போறது, அதாவது மச்சானின்ர லோன்.

இந்த அட்டவணை வந்ததே ஒரு ஏமாத்தத்துக்குப் பிறகுதான். 1997இல தாய்லாந்து வெளியில காட்டினது 30 பில்லியனுக்கு மேல, ஆனா தங்கட நாணயமான பாத்தின்ர பெறுமதியைப் பிடிச்சு வைச்சிருக்கிறதுக்காக பின் திகதிக்கு விக்கிறம் எண்டு ஒப்புக்கொண்ட டொலர் மட்டும் 23 பில்லியனுக்கு மேல. ஆடி 2ஆம் திகதி பாத்தை மிதக்க விட்ட பிறகுதான் உலகத்துக்கு விசயம் முழுசா விளங்கினது. தென்கொரியாவில வேற மாதிரி, கையிருப்பெண்டு காட்டினதில பெரிய பங்கு அந்த நாட்டு வங்கியளின்ர வெளிநாட்டுக் கிளையளில வைப்பாக் கிடந்தது, அந்த வங்கியள் அதை எடுத்துத் தங்கட கடனுக்குக் கட்டி முடிச்சிட்டினம். இதுக்குப் பிறகு 1999இலதான் ஐ.எம்.எஃப் இந்த அட்டவணையைக் கொண்டு வந்தது. அதே காலத்தில ஆர்ஜென்ரீனாவின்ர குயிடொட்டியும் அமெரிக்காவின்ர கிறீன்ஸ்பானும் சொன்ன ஒரு அளவுகோல் இருக்கு: ஒரு வருசத்துக்குள்ள கட்டவேண்டிய வெளிநாட்டுக் கடன் அளவுக்காவது கையில கையிருப்பு இருக்கோணும். 2022 தொடங்கேக்க இலங்கை அந்த வருசத்துக்குள்ள கட்டவேண்டியதெண்டு பரவலாச் சொல்லப்பட்டது சுமார் 7 பில்லியன். கையில 3.1.

எப்பிடி இந்த நிலைக்கு வந்தது

2019 முடிவில 7.6 பில்லியன் இருந்தது. ஈஸ்ரர் குண்டுவெடிப்பு நடந்த வருசம், ரூரிசம் அடிவாங்கிப் போச்சு, எண்டாலும் 3.6 பில்லியன் அதால வந்தது. வருசக் கடைசியில புது அரசாங்கம் வற் வரியை 15இல இருந்து 8 வீதமாக் குறைச்சுது. சனத்துக்குச் சந்தோசம், கடன் குடுக்கிறவைக்கு இல்லை. பிறகு கொரோனா. 2020இல ரூரிசத்தால வந்தது 700 மில்லியன்கூட இல்லை. நாடுகளின்ர கடன் கட்டுற தகுதியை அளக்கிற தரப்படுத்தல் கொம்பனியள் ஒண்டுக்குப் பிறகு ஒண்டா இலங்கையைக் கீழ இறக்க, சர்வதேசச் சந்தையில புது டொலர் பொண்ட் (கடன் பத்திரம்) விக்கிற வழி அடைபட்டுது.

இதைக் கொஞ்சம் நிண்டு பாக்கோணும். 2007இல முதல் பொண்ட் 500 மில்லியனுக்கு வித்த காலத்தில இருந்து இலங்கை உண்மையில பழைய பொண்டைக் கட்டினதெண்டு சொல்லேலாது, புதுசை வித்துப் பழசைக் கட்டி வந்தது. அது பெரிய குற்றமும் இல்லை, கன நாடுகள் செய்யிறதுதான். ஆனா சந்தை கதவைச் சாத்தினா, அதுவரைக்கும் புதுப்பிச்சுப் போற கடன் எண்டு இருந்ததெல்லாம் ஒரே நாளில காசாக் கட்டவேண்டிய கடனா மாறுது. திகதியள் ஏற்கனவே போட்டாச்சு: 2020 ஐப்பசியில 1 பில்லியன், 2021 ஆடியில 1 பில்லியன், 2022 தையில 500 மில்லியன், 2022 ஆடியில திரும்ப 1 பில்லியன். இதில ஒண்டும் இரகசியம் இல்லை, பொண்ட் வித்த அண்டைக்கே திகதி தெரியும்.

முதல் மூண்டையும் கட்டினவை. 2020 முடிவில கையிருப்பு 5.7 பில்லியன், 2021 ஆடி முடிவில 2.8 பில்லியன்.

நீட்டுக் கடனைக் கட்டக் கட்டைக் கடன்

என்ர பார்வையில இந்த நிகழ்வின்ர நடு முடிச்சு இதுதான். ஓட்டை விழ விழ அடைச்சினம், ஆனா அடைச்ச சாமானில பெரும்பங்கு கட்டைத் தவணைச் சாமான்.

2021இல வங்காளதேசம் 200 மில்லியன் சுவாப் தந்தது. (ஒரு காலத்தில அந்த நாட்டைப் பற்றி இஞ்ச எப்பிடிக் கதைச்சவை எண்டு வயசானவையைக் கேட்டுப் பாருங்கோ.) சீன அபிவிருத்தி வங்கி 500 மில்லியன். ஆவணியில ஐ.எம்.எஃப் எல்லா நாடுகளுக்கும் பிரிச்ச எஸ்.டி.ஆரில இலங்கைக்கு 787 மில்லியன், இது உடன திருப்பிக் குடுக்கத் தேவையில்லாத நல்ல காசு. உள்ளூர் வங்கியளிட்டயும் மத்திய வங்கி சுவாப்பா டொலர் வாங்கினது, அதாவது இண்டைக்கு டொலரைத் தா, ரூபாவைப் பிடி, இந்தத் திகதிக்குத் திருப்பி மாத்துவம் எண்ட ஒப்பந்தம். முதல் பிரிவில கையிருப்பு கூடினதாத் தெரியும், அதே அளவு ரெண்டாம் பிரிவில கிட்டத்து நிரை ஒண்டில போய்க் குந்தும். முதல் வரியை மட்டும் பாக்கிறவருக்கு நாடு தேறுது, முழு அட்டவணையையும் பாக்கிறவருக்கு ஒண்டும் மாறேல்லை, திகதிதான் கிட்ட வந்திருக்கு. 2021 முடிவில, கடன்பட்டதெல்லாத்தையும் கழிச்சுப் பாத்தா மத்திய வங்கியின்ர தேறிய வெளிநாட்டுச் சொத்து பூச்சியத்துக்குக் கீழ.

இப்ப அந்த மார்கழிக்கு வருவம். 1.6ஐ 3.1 ஆக்கினது சீனாவின்ர மத்திய வங்கியான சீன மக்கள் வங்கியோட 2021 பங்குனியில செய்த 10 பில்லியன் யுவான் சுவாப், டொலர்ப் பெறுமதியில ஒண்டரை பில்லியன் அளவு. அதை மார்கழியில எடுத்துக் கணக்கில போட்டினம். ஆனா அந்த ஒப்பந்தத்தில ஒரு நிபந்தனை இருந்தது, மூண்டு மாச இறக்குமதிக்குக் காணக்கூடிய கையிருப்பு நாட்டிட்ட இருந்தாத்தான் அந்தக் காசைச் செலவழிக்கலாம். 2021இல இலங்கையின்ர இறக்குமதி 20.6 பில்லியன், மாசம் 1.7 எண்டு வைச்சா மூண்டு மாசத்துக்கு 5 பில்லியன் வேணும். அது இல்லாதபடியாத்தான் கடனே வாங்கினது! அப்ப 3.1இல பாதி, காட்டலாம், தொடேலாது. அதே மாசம் தங்கத்தின்ர பெறுமதி 382 மில்லியனில இருந்து 175 மில்லியனுக்கு இறங்கியிருந்தது, பாதிக்கு மேல வித்தாச்சு. ஆனா பேப்பரில வந்த செய்தி கையிருப்பு இரட்டிப்பு.

தை 18

2022 தை 13ஆம் திகதி கொழும்பில இருக்கிற இந்திய உயர் ஸ்தானிகராலயம் ஒரு அறிவிப்பு விட்டது. இந்திய ரிசேர்வ் வங்கி 400 மில்லியன் சுவாப் தருது, ஆசிய கிளியரிங் யூனியனுக்கு (ஆசிய நாடுகளின்ர மத்திய வங்கியள் தங்களுக்குள்ள கணக்குத் தீர்க்கிற அமைப்பு) இலங்கை கட்டவேண்டிய 500 மில்லியனுக்கு மேலான காசையும் பிந்திக் கட்டலாம். சரியா அஞ்சு நாள் கழிச்சு, தை 18, 500 மில்லியன் பொண்ட் முதிருது. மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் கட்டியாச்சு எண்டு அறிவிச்சார்.

கட்டவேண்டாம், இப்பவே கடன்காரரோட கதையுங்கோ, ஐ.எம்.எஃப்பிட்டப் போங்கோ எண்டு பொருளியலாளர் கனபேர் அதுக்கு முதலே கத்தினவை. எதிர்ப்பக்கம் சொன்ன நியாயத்தையும் சொல்லோணும்: இலங்கை ஒருநாளும் வெளிநாட்டுக் கடனைக் கட்டாமல் விட்டதில்லை, அந்தப் பேர் போனா மருந்துக் கொம்பனிகூட எல்.சியை, அதாவது இறக்குமதிக் காசு கட்டுவம் எண்டு வங்கி குடுக்கிற உறுதிக் கடிதத்தை, நம்பாது. இந்த நியாயத்தில கொஞ்சம் பெறுமதி இருக்கு, ஆனா அது ஆடி மாசத்து 1 பில்லியனையும் கட்ட வழியுள்ளவன் சொல்லவேண்டிய நியாயம். வழி இல்லை எண்டு அட்டவணையே சொல்லுது. அப்ப தையில கட்டினதால அந்தப் பொண்டை வைச்சிருந்த முதலீட்டாளர் முழுக்காசோட வெளிய போனார், அதுவும் சந்தையில அந்தப் பொண்டை ஆரோ மலிவா வாங்கி வைச்சிருந்தா நல்ல லாபத்தோட போனார், ஆடிப் பொண்ட் வைச்சிருந்தவர் மாட்டினார், பெற்றோலுக்கும் காஸுக்கும் இருந்த டொலர் அந்த அளவுக்குக் குறைஞ்சுது. கட்டினதெண்டதைவிட, எதைக் குடுத்துக் கட்டினது எண்டதுதான் என்ர குறை. வருசக் கணக்கில வாங்குற நீட்டுக் கடனை, மாசக் கணக்கில திருப்பிக் குடுக்கவேண்டிய சுவாப்பால கட்டுறது.

கையிருப்பு தை முடிவில 2.4, பங்குனி முடிவில 1.9 பில்லியன். சித்திரை 12 அறிவிப்பு வரேக்க புது ஆளுநர் நந்தலால் வீரசிங்க வந்து ஒரு கிழமையும் ஆகேல்லை. வைகாசியில நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில சொன்ன தொகையைக் கேளுங்கோ: பாவிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன்கூட இல்லை. அதே நேரம் கணக்கில காட்டின மொத்தம் 1.8 பில்லியன் அளவு. இந்த ரெண்டு எண்ணுக்கும் இடையில இருக்கிற தூரம் பெரும்பாலும் அந்த யுவான்தான்.

அட்டவணையில வராத ஒழுக்கு: உண்டியல்

அந்த அட்டவணை வெளிய போறதைக் காட்டும், வரவேண்டியது வராமல் விட்டதைக் காட்டாது. யாழ்ப்பாணத்துக்கு இந்தப் பக்கம் ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.

2021 பிற்பகுதியில டொலரை 200, 203 எண்டு பிடிச்சு வைச்சிருந்தவை. வங்கிக்கு வெளிய ஆள் வழியாக் காசு அனுப்புற உண்டியலில 240, 250. மார்கழியில மத்திய வங்கி வங்கி வழியா அனுப்புற டொலருக்கு 10 ரூபா மேலதிகமாத் தாறம் எண்டு ஊக்கத்தொகை அறிவிச்சுது, நாப்பது அம்பது ரூபா வித்தியாசத்துக்கு முன்னால பத்து ரூபா! ரொறன்ரோவில ரெண்டு வேலை செய்யிற பிள்ளை அம்மாவுக்கு 500 அமெரிக்க டொலர் பெறுமதியான காசு அனுப்புது, வங்கி எண்டா ஒரு லட்சத்துச் சொச்சம், உண்டியல் எண்டா அதைவிட இருபதாயிரம் கூட. அங்க ஒரு கடையில காசைக் குடுத்திட்டு ஒரு கோல், பின்னேரம் இஞ்ச ஒரு பொடியன் மோட்டச்சைக்கிளில வந்து படலையில நிண்டு ஹோர்ன் அடிப்பான், கட்டை எண்ணிக் குடுத்திட்டு அனுப்பினவருக்கு வாட்சப்பில ஒரு வொய்ஸ் போடச்சொல்லிக் கேப்பான், துண்டு இல்லை, கையெழுத்து இல்லை. நாட்டுப்பற்று இல்லாத வேலை எண்டு கொழும்பில இருந்து புத்தி சொன்னவைக்கு அந்த அம்மா என்ன பதில் சொல்லுறது, பால்மா விலை ஏறினது அவவுக்குத்தானே தெரியும்.

ஆனா கனடாவில குடுத்த அந்தக் காசுக்கு என்ன நடந்தது? அது நாட்டுக்குள்ள வரவே இல்லை. இஞ்ச குடுபட்ட ரூபா இறக்குமதி செய்யிற ஆரோ ஒரு வியாபாரியின்ரது, அவருக்கு வங்கியில எல்.சி திறக்க டொலர் இல்லை, வெளிநாட்டில உண்டியல்காரர் சேர்த்த டொலரை நேர தன்ர சப்ளையருக்குக் கட்டுவிச்சு, ஓப்பின் எக்கவுண்ட் எண்டு, அதாவது எல்.சி இல்லாமல் கணக்கு வைச்சு, சாமானை இறக்கிப் போடுவார். சாமான் வரும், டொலர் மத்திய வங்கிப் பக்கமே போகாது. 2022 தையில வங்கி வழி வந்தது 259 மில்லியன், அதுக்கு முதல் வருசத் தையில 675. ஒரு மாசத்தில மட்டும் 400 மில்லியனுக்கு மேல குறைவு, இந்தியா தந்த சுவாப் அளவு. முழு வருசமாப் பாத்தா 2020இல 7.1 பில்லியன், 2021இல 5.5, 2022இல 3.8. பொண்டையும் சீனாவையும் பற்றிக் கதைக்கிற அளவுக்கு இதைப் பற்றி ஆரும் கதைக்கிறேல்லை, ஆனா ஒரு ரூபா விலையைப் பிடிவாதமாப் பிடிச்சு வைச்சதால கைவிட்டுப் போனது மூண்டு பொண்டின்ர காசுக்குக் குறைவில்லை.

2022 பங்குனியில ரூபாவை மிதக்க விட்டினம், வைகாசி நடுவில டொலர் 360ஐத் தாண்டிச்சு. அந்த மாசமே ஓப்பின் எக்கவுண்ட் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு போட்டினம். உண்டியலுக்கும் வங்கிக்கும் இருந்த இடைவெளி சுருங்க, காசு மெல்ல மெல்ல வங்கிக்குத் திரும்பினது, 2022 மார்கழியில 475 மில்லியன்.

மண்ணெண்ணெய்

கொழும்பில டொலர் இல்லாட்டி யாழ்ப்பாணத்துக் குருநகரில மீன் இல்லை. இது எப்பிடி? 2021 கார்த்திகையில மசகெண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு ஆலையைப் பூட்டினவை, பிறகும் திறக்கிறதும் பூட்டுறதுமாத்தான் ஓடினது. மண்ணெண்ணெய் பெரும்பாலும் அங்கதான் வடியிறது. பருத்தித்துறை, மாதகல், குருநகர் எல்லா இடமும் மீன்பிடிக்கிற சின்னப் போட்டின்ர எஞ்சின் மண்ணெண்ணெயிலதான் ஓடும், வலிகாமத்தில வெங்காயத்துக்கு இறைக்கிற மிஷினும் அதேதான். கான் வரிசையா அடுக்கி வைச்சுக் கயித்தால கட்டிப்போட்டுச் சனம் வீட்டை போய்ச் சாப்பிட்டு வந்தது, கான்தான் ராப்பகலா லைனில நிண்டது. 2022 ஆவணியில ஒரே அடியாய் லீற்றர் 87 ரூபாவில இருந்து 340க்கு ஏத்தினவை. சாமான் திரும்பக் கிடைச்சுது, ஆனா ஒருக்காத் தொழிலுக்குப் போக முப்பது லீற்றர் அடிக்கிறவருக்கு எண்ணெய்க்கே பத்தாயிரம், மீன்பாடு கிடைக்காட்டி அது கடன்.

மூண்டாம் பிரிவையும், அந்த மச்சானின்ர லோன் மாதிரிச் சாமானையும், விடேலாது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் எண்ணெய் வாங்கினதுக்கு அரச வங்கியளிட்ட டொலராப் பட்ட கடன் 3 பில்லியனுக்கு மேல. எண்ணெயை ரூபாவுக்கு, அதுவும் நட்டத்துக்கு வித்துப்போட்டு டொலர்க் கடனை எப்பிடிக் கட்டுறது? மத்திய வங்கியின்ர கையிருப்புக் கணக்கில இது நேராத் தெரியாது, ஆனா அந்த வங்கியளின்ர டொலர் முடிய அவையும் சந்தையில டொலர் தேடினவை. கடைசியில அந்தக் கடனில பெரும்பங்கைத் திறைசேரிதான் பொறுப்பெடுத்தது. மச்சான் கட்டேல்லை.

பிறகு

கடன் கட்டுறதை நிப்பாட்டின உடன ரெண்டாம் பிரிவில பெரிய துண்டு ஒண்டு அசையாமல் நிண்டிட்டுது. 2023இலயும் 2024இலயும் கையிருப்பு ஏறினதுக்கு இது ஒரு பெரிய காரணம், ஆராவது வந்து திறமையால ஏத்தினது எண்டு சொன்னா அதில பாதியைக் கழிச்சுப் போட்டுக் கேளுங்கோ. 2023 பங்குனியில ஐ.எம்.எஃப் சுமார் 3 பில்லியன் திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்தது, 2024 ஆனியில இந்தியா, ஜப்பான் சேந்த கடன்காரர் குழுவோடயும் சீன எக்சிம் வங்கியோடயும் உடன்பாடு, மார்கழியில பொண்ட்காரரோட மாற்றீடு. 2024 முடிவில 6.1 பில்லியன். அதுக்குள்ளயும் அந்தச் சீன சுவாப் 1.4 பில்லியன் அளவுக்குக் கிடந்தது, அந்த 6ஐ எந்த மேடையில ஆர் சொன்னாலும் அதைக் கழிச்சுத்தான் பாக்கோணும்.

2025 மாசியில வாகன இறக்குமதியும் திறந்தாச்சு, அஞ்சு வருசமா அடக்கி வைச்ச ஆசை. அது டொலரை இழுக்கும், ஆனா வரி போட்டோ கட்டுப்பாடு போட்டோ நிப்பாட்டக்கூடிய இழுவை. நிப்பாட்டேலாதது திகதி போட்டது. வேற நாட்டு அரசுகளுக்குக் கட்டவேண்டிய கடனின்ர மூலத்தொகை 2028இல தொடங்கி 2043 வரைக்கும் போகுது. அந்தத் தவணையள் அட்டவணையில மூண்டாவது நிரைக்கு, அதாவது மூண்டு மாசத்தில இருந்து ஒரு வருசத்துக்குள்ள எண்ட நிரைக்கு, 2027இலயே வந்து ஏறத் தொடங்கும். அப்ப முதல் பிரிவில சுவாப் கூடுதோ, இல்லாட்டி வங்கி வழி வாற காசும் ஏற்றுமதிக் காசும் கூடுதோ எண்டு ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கோணும். அட்டவணை மாசாமாசம் வெளிவரும், வாசிக்க அஞ்சு நிமிசம் போதும்.